‘கர்கர்’ சத்தம் எங்கிருந்து வருகிறது? வீட்டு ஒலிப்பதிவில் மென்பொருள் கொடுக்கும் தொல்லைகளும் தீர்வுகளும்

சனிக்கிழமை பிற்பகல். தாமான் வீட்டின் பின்னறையில் மின்விசிறியை அணைத்து, சன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, பேரன் தன் பாட்டியை மைக்கின் முன் உட்கார வைத்திருக்கிறான். பால் மரம் வெட்டிய காலத்தில் லயத்து வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பாடிய தாலாட்டு அது. அதைப் பதிவு செய்து, அடியில் மெல்லிய கீபோர்டும் உறுமியும் சேர்க்க வேண்டும் என்பது அவன் திட்டம். பாட்டி பாடி முடிக்கிறார். போட்டுக் கேட்டால் குரலின் நடுநடுவே ‘கர்... கர்...’ என்ற சத்தம்.

“இன்னொரு தடவ பாடுங்க பாட்டி.”

இரண்டாவது முறை கீபோர்டு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். மூன்றாவது முறை மென்பொருளே உறைந்து நின்றுவிட்டது. “போதும்யா, தொண்ட கட்டிக்கிச்சு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று பாட்டி எழுந்து போய்விட்டார்.

அந்த இன்னொரு நாள் எல்லா வீட்டிலும் வந்துவிடுவதில்லை. அதுதான் இதிலுள்ள சிக்கல்.

2006-இல் யோகி பி - நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ இசைத்தொகுப்பு வெளிவந்தபோது, பாடல் பதிவு என்றாலே மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இன்று ஒரு மடிக்கணினி, ஒரு மைக், எஃப்எல் ஸ்டூடியோ, கியூபேஸ், ஏபிள்டன் லைவ், ரீப்பர் போன்ற மென்பொருள்களில் ஒன்று ஆகியவை இருந்தால் படுக்கையறையே பதிவுக்கூடம். பக்திப் பாடல், திருமணக் காணொளிக்கான பின்னணி இசை, ராப், உறுமி மேளக் குழுவின் புதிய அடி என எல்லாம் இப்படித்தான் உருவாகின்றன. ஆனால் ஸ்டூடியோவில் இருந்த பொறியாளர் வீட்டில் இல்லை. கோளாறு வந்தால், “கம்ப்யூட்டர் சரியில்லை, புதுசு வாங்கணும்” என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் முடிவு. பெரும்பாலான கோளாறுகளுக்கு அது தேவையில்லை.

குரல் மைக்கில் நுழைந்து காதுக்குத் திரும்பி வருவதற்குள் ஒரு நீண்ட வழியைக் கடக்கிறது. மைக், வயர், ஆடியோ இன்டர்ஃபேஸ் எனப்படும் சிறு பெட்டி, யுஎஸ்பி, டிரைவர் எனப்படும் இயக்கி, இசை மென்பொருள், அதற்குள் பிளக்-இன்கள், மறுபடி அதே வழியாக ஹெட்போன். வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாய்க்காரர் மீட்டரிலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்ப்பதுபோல, இந்த வழியை ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்து செட்டிங்கை ஒரேயடியாக மாற்றிவிட்டு, “சரியாகிவிட்டது, எப்படி என்று தெரியவில்லை” என்று நிம்மதி அடைபவர்கள் அடுத்த வாரம் அதே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வாளியின் அளவு

முதலில் அந்தக் ‘கர்கர்’. அதிகமாகக் கேட்கப்படும் புகார் இதுதான். இதற்கும், பாடும் குரல் காதில் பிந்தி ஒலிப்பதற்கும் காரணம் ஒரே செட்டிங். அதன் பெயர் பஃபர்.

தோட்டத்தில் மரத்துக்கு மரம் கோப்பையில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டுபோய் ஸ்டோரில் சேர்ப்பார்கள். வாளி சிறியதாக இருந்தால் பால் உடனுக்குடன் போய்ச் சேரும். ஆனால் ஓட்டம் அதிகம், ஓரிடத்தில் கால் தடுக்கினால் பால் சிந்தும். வாளி பெரியதாக இருந்தால் நிதானமாக நடக்கலாம். ஆனால் அது நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும். கணினியும் ஒலியை இப்படித்தான் வாளி வாளியாக எடுத்துச் செல்கிறது. அந்த வாளியின் அளவுதான் பஃபர். அளவு சிறிதாக இருந்து, கணினியால் அந்த வேகத்துக்கு ஓட முடியாமல் போனால், ஒலியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழும். அந்த ஓட்டைகள்தாம் ‘கர்கர்’. அளவு பெரிதாக இருந்தால் ஒலி சுத்தமாக வரும், ஆனால் பிந்தி வரும்.

கணக்கு எளிது. ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வழக்கமான அளவில், பஃபர் 128 என்றால் தாமதம் ஏறத்தாழ 3 மில்லி விநாடி. 256 என்றால் சுமார் 6, 512 என்றால் சுமார் 12, 1024 என்றால் சுமார் 23. இது ஒரு வழிப் பயணம் மட்டுமே. குரல் உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் இரண்டு மடங்கு, அதற்குச் சற்று மேலும் ஆகும். அதாவது 1024-இல் வைத்துப் பாடினால் தன் குரலையே 46 மில்லி விநாடிக்கு மேல் பிந்திக் கேட்க வேண்டும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ ஓர் அடி செல்கிறது. அப்படியென்றால் 50 அடி தள்ளி நிற்பவர் அடிக்கும் மேளத்தைக் கேட்டுக்கொண்டே தாளம் பிடிக்கும் நிலை அது. நீண்ட காவடி ஊர்வலத்தின் பின்வரிசையில் நின்று, முன்வரிசை மேளத்துக்குக் கைதட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஆகவே நிரந்தரமான ‘சரியான அளவு’ என்று ஒன்று கிடையாது. பாடும்போதும் வாசிக்கும்போதும் 128 அல்லது 256. பதிவெல்லாம் முடிந்து, ஒலிகளைக் கலந்து சமன்செய்யும்போது 1024 அல்லது அதற்கு மேல். பலர் இணையத்தில் யாரோ சொன்ன ஓர் எண்ணை ஒருமுறை வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மாற்றுவதே இல்லை. பாதிப் புகார்கள் அங்கேதான் பிறக்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

பஃபரைக் குறைக்கவே முடியவில்லை, 256-க்குக் கீழே இறங்கினாலே சிதறுகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது இயக்கி. விண்டோஸ் கணினியில் சாதாரண ஒலி, எல்லா மென்பொருள்களின் ஒலியையும் கலக்கும் ஒரு பொதுப் பாதை வழியாகப் போகிறது. வாட்ஸ்அப் மணியும் யூடியூப்பும் அதே பாதையில்தான். இசைப் பதிவுக்கு இது தாமதம் தரும். இதைத் தவிர்க்க ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1990-களில் உருவாக்கிய குறுக்குவழிதான் ஏசியோ. ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்கள், அந்தப் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அதற்குரிய ஏசியோ இயக்கியை இறக்கி, மென்பொருளின் ஆடியோ செட்டிங்ஸ் பகுதியில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செருகியவுடன் ஒலி வருகிறதே என்று விட்டுவிடக்கூடாது. அது விண்டோஸின் பொதுப் பாதையாக இருக்கலாம். பெட்டி இல்லாதவர்கள், எஃப்எல் ஸ்டூடியோவுடன் சேர்ந்து வரும் அதன் சொந்த ஏசியோவையோ, இலவசமான ‘ஏசியோ ஃபார் ஆல்’ இயக்கியையோ பயன்படுத்தலாம். மேக் கணினியில் இந்தத் தலைவலி இல்லை. கோர் ஆடியோ என்ற அமைப்பு உள்ளேயே இருக்கிறது.

‘ஏசியோ ஃபார் ஆல்’ போட்டவர்களுக்கு இன்னொரு குழப்பம் வரும். இசை மென்பொருளைத் திறந்ததும் யூடியூப் ஊமையாகிவிடும், அல்லது யூடியூப் ஓடிக்கொண்டிருந்தால் மென்பொருள் ஊமையாகிவிடும். இது கோளாறு அன்று. ஒலிச் சாதனத்தை ஒருவர் பிடித்துக்கொண்டால் மற்றவருக்கு இடமில்லை, அவ்வளவே. உலாவியை மூடிவிட்டு மென்பொருளைத் திறந்தால் போதும்.

குறைந்த பஃபரிலும் தாமதம் போகவில்லை என்பவர்கள் தலையில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். புளூடூத் ஹெட்போன் என்றால் அதைக் கழற்றிவிட வேண்டியதுதான். பாட்டுக் கேட்க அது நல்லது, பதிவுக்கு ஆகாது. பல புளூடூத் கருவிகளில் 100 மில்லி விநாடிக்கு மேல் தாமதம் உண்டு, எந்த செட்டிங்கும் அதைத் தீர்க்காது. பத்துப் பதினைந்து ரிங்கிட் வயர் ஹெட்போன் இந்த வேலைக்கு அதைவிட மேல்.

இன்னொன்று, மாஸ்டர் சேனலில் போட்டு வைத்திருக்கும் லிமிட்டர், சில வகை ஈக்வலைசர்கள். ஒலியை முன்கூட்டிப் பார்த்துச் செயல்படும் பிளக்-இன்கள் தாமாகவே தாமதத்தைச் சேர்க்கின்றன. பதிவு முடியும்வரை அவற்றை அணைத்து வைப்பது நல்லது. பெரும்பாலான இன்டர்ஃபேஸ்களில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் குரல் கணினிக்குள் போகாமலேயே நேராகக் காதுக்கு வரும். அப்போது மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை நிறுத்த மறக்கக்கூடாது. மறந்தால் ஒரே குரல் இரண்டாகக் கேட்கும். பாட்டியைப் போன்ற பழக்கமில்லாத பாடகருக்கு அதைவிடக் குழப்பம் வேறில்லை.

இத்தனைக்கும் பிறகு ‘கர்கர்’ நிற்கவில்லையா? கணினியின் வெக்கையைக் கவனிக்கலாம். பதிவுக்காக மின்விசிறியையும் குளிரூட்டியையும் அணைத்துவிட்டு, மெத்தைமேல் மடிக்கணினியை வைத்து மூன்று மணி நேரம் ஓட்டினால், நம் ஊர் வெயிலில் அது கொதிக்கத்தான் செய்யும். சூடு எல்லை மீறினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உடனே ஒலி சிதறும். காலையில் நன்றாக இருந்தது, மதியம் கெட்டது என்ற புகார்களில் பல இந்த வகை. அடியில் காற்றுப் போக இடம் விட்டு, மேசைமேல் வைத்து, உள்விசிறியில் அடைந்த தூசியை ஆண்டுக்கு ஒருமுறையாவது கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தால் பழைய கணினியே மூச்சுவிடும். மின் சேமிப்பு முறையில் இருந்தால் அதை மாற்றி, முழுத் திறன் முறையில் வைக்க வேண்டும். பதிவு நேரத்தில் வைஃபையை அணைப்பதும் பயன் தரும். சில வைஃபை இயக்கிகள் ஒலியின் ஓட்டத்தைக் குறுக்கே மறிக்கின்றன. எந்த இயக்கி மறிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ‘லேட்டன்ஸிமான்’ என்ற கருவி உண்டு. மேகச் சேமிப்புக்குக் கோப்புகள் ஏறிக்கொண்டிருந்தால் அதையும் சற்று நேரம் நிறுத்தி வைக்கலாம்.

குரல் கனமாகிப் போனால்

பதிவு செய்த குரலைத் திரும்பக் கேட்கும்போது பாடகர் சளி பிடித்தவர்போல ஒலிக்கிறாரா? பாட்டு மெதுவாகவும் நீளமாகவும் ஓடுகிறதா? மாதிரி வேகம் பொருந்தவில்லை என்று பொருள். இசைத்தட்டின் வழக்கம் விநாடிக்கு 44,100. காணொளியின் வழக்கம் 48,000. 48,000-இல் பதிந்ததை 44,100 என்று எண்ணி ஓட்டினால் நான்கு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 21 விநாடி நீளும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். கைப்பேசியில் காணொளியாக எடுத்த மேளத்தைக் கொண்டுவந்து பாட்டில் சேர்ப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். விண்டோஸின் ஒலி செட்டிங், இன்டர்ஃபேஸின் கட்டுப்பாட்டுப் பலகை, மென்பொருளின் புரொஜெக்ட் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே எண்ணை வைத்தால் தீர்ந்தது.

மைக்கில் ஒலியே வரவில்லை என்றால், முதலில் விண்டோஸின் தனியுரிமை செட்டிங்கில் மைக் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மேசைச் செயலிகளுக்கு மைக்கைத் தடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. கண்டென்சர் வகை மைக் என்றால் இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்தாமல் அது பேசாது.

‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் வேறு கதை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வே வயர் வழியாக ஒலியில் ஏறிவிடுகிறது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் குற்றவாளி அதுதான். கணினி, ஒலிபெருக்கி, இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். சிலர் பிளக்கின் எர்த் முனையை முறித்துவிடச் சொல்வார்கள். ரீங்காரம் நிற்கலாம், ஆனால் பழுது ஏற்பட்டால் மின்சாரம் மைக்கைப் பிடித்திருப்பவர் மீது பாயும். இரும்பு மைக், ஈரமான உதடு, வெறுங்கால் சிமெந்துத் தரை. அந்த யோசனையை எவர் சொன்னாலும் கேட்கவேண்டாம்.

உறுமியைப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு சொல். வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகலும், மறுபக்கத்து அடியின் வெடிப்பும் ஒரே வாத்தியத்தில் இருப்பதால் ஒலியளவு ஒரு கணத்தில் எகிறும். அளவுமானி சிவப்பைத் தொட்டால், அந்த இடத்தில் ஒலி வெட்டுப்பட்டுவிட்டது. பிறகு எந்தப் பிளக்-இன் போட்டாலும் முழுதாக மீளாது. 24 பிட்டில், உச்சம் கழித்தல் 12 முதல் கழித்தல் 6 டெசிபலுக்குள் இருக்கும்படி வைத்து, மைக்கை மூன்று நான்கு அடி தள்ளி நிறுத்தினால் போதும். சத்தம் குறைவாக இருப்பதுபோலத் தோன்றும். பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

காணாமல் போகும் பிளக்-இன்

நேற்றுவரை இருந்த வயலின் இன்று இல்லை. புரொஜெக்டைத் திறந்தால் ‘மிஸ்ஸிங்’ என்று ஒரு பெட்டி. கணினி மாற்றியவர்களுக்கும் நண்பர் வீட்டுக் கோப்பை வாங்கி வந்தவர்களுக்கும் இது வாடிக்கை. புரொஜெக்ட் கோப்பு என்பது சமையல் குறிப்பு மாதிரி. எந்தப் பொருள், எவ்வளவு, எப்போது என்று அதில் இருக்கும்; பொருள் இருக்காது. மெய்யான ஒலிகள் வேறு கோப்புறைகளில், சில நேரம் பென்டிரைவில் கூட இருக்கும். அந்தக் கோப்புறையின் பெயரை மாற்றினால், வேறு இடத்துக்கு நகர்த்தினால், பென்டிரைவைக் கழற்றினால், மென்பொருள் தேடித் தேடிக் கைவிரித்துவிடும்.

பழைய 32 பிட் பிளக்-இன்கள் புதிய 64 பிட் மென்பொருளில் தெரியாமல் போவதும் உண்டு. மேக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து 32 பிட் அடியோடு நின்றுவிட்டது. தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. கோப்புறைக்கு அழகாகத் தமிழில் பெயர் வைத்தால், பழைய பிளக்-இன்கள் சில அந்த எழுத்தைப் படிக்க முடியாமல் தடுமாறும். பாட்டின் பெயர் தமிழிலேயே இருக்கட்டும்; ஒலிகள் இருக்கும் கோப்புறைக்கு மட்டும் ரோமன் எழுத்தில் சின்னப் பெயர் வைத்துவிடுவது, வருத்தமாக இருந்தாலும், பாதுகாப்பு.

மென்பொருள் திறக்கும்போதே விழுந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு பிளக்-இன்தான் காரணம். கடைசியாக எதைச் சேர்த்தோம் என்று நினைவுபடுத்தி, அந்தக் கோப்பை மட்டும் பிளக்-இன் கோப்புறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டுத் திறக்கலாம். ரீப்பரில், எல்லா விளைவுகளையும் அணைத்த நிலையில் புரொஜெக்டைத் திறக்கும் வசதியே இருக்கிறது.

இங்கே பேசத் தயங்கும் ஒன்றையும் பேச வேண்டும். திருட்டுப் பிரதி. “எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள்” என்பது பழகிப்போன பதில். பூட்டுடைத்த மென்பொருளின் கோப்பை வைரஸ் தடுப்பான் ஒரு நாள் பிடித்து ஒதுக்கினால், பிளக்-இன் மாயமாகும். புதுப்பிப்பு வந்தால் உடையும். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்கள் பரவும் முக்கிய வழிகளில் இந்தப் பூட்டுடைத்த மென்பொருள்களும் ஒன்று. தாலாட்டு, திருமணப் படங்கள், பள்ளிச் சான்றிதழ் நகல்கள் எல்லாம் ஒரே கணினியில் இருந்தால் எல்லாம் போகும். சட்டமும் இருக்கிறது: மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் கணினி மென்பொருளையும் காக்கிறது. தன் பாட்டை யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று ஓர் இசைக்கலைஞர் முறையிடுவதும் இதே சட்டத்தின்கீழ்தான்.

வழியும் இருக்கிறது. ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு முயன்று பார்க்கலாம். சிங்கப்பூரைச் சேர்ந்த பேண்ட்லேப் இலவசம், கைப்பேசியிலும் ஓடும். குரலை மட்டும் பதிய ஆடாசிட்டி போதும். எஃப்எல் ஸ்டூடியோவின் இலவச முன்னோட்டத்தில் வேலை செய்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். அதில் சேமிக்க முடியும், ஆனால் வாங்கும்வரை சேமித்த புரொஜெக்டைத் திறக்க முடியாது. இரவு முழுதும் உழைத்துச் சேமித்து, காலையில் திறக்க முடியாமல் திகைப்பவர்கள் இதைக் கோளாறு என்று எண்ணுகிறார்கள். மூடுவதற்கு முன் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி ஒலிக்கோப்பாக எடுத்துவைத்துவிட வேண்டும்.

கமகத்தைத் தின்னும் கருவி

1997-இல் வந்த ஆட்டோ-டியூன், சுருதி விலகிய குரலை அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்துக் கொண்டுவரும் கருவி. அதன் வழித்தோன்றல்கள் இன்று எல்லா மென்பொருளிலும் இருக்கின்றன. நன்றாகப் பாடும் ஒருவர் இதன் வழியே வந்ததும் தகரக் குரலாக, சுரம் மாறி ஒலிப்பது ஏன் என்று பலர் குழம்புகிறார்கள்.

கருவி மேற்கத்திய அளவுகோலை எதிர்பார்க்கிறது. அதற்கு ‘சி மேஜர்’ என்று சொல்லிவிட்டு மாயாமாளவகௌளையில் பாடினால், சுத்த ரிஷபம் அதன் கணக்கில் ‘தவறு’. உடனே அதைச் சட்ஜமத்துக்கோ சதுச்ருதி ரிஷபத்துக்கோ தள்ளிவிடும். தைவதத்துக்கும் இதே கதி. சங்கீத வகுப்பில் முதல் பாடமாகக் கற்ற ராகமே அடையாளம் தெரியாமல் போகும். தோடி போன்ற ராகங்களின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாமல் அசைவது. அந்த அசைவையே கருவி பிழையாக எண்ணி நிறுத்திவிடும். முதலில் பாடகரின் கட்டையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1 கட்டை என்றால் ‘சி’, 5 கட்டை ‘ஜி’, 6 கட்டை ‘ஏ’. பிறகு கருவியில் ஆயத்த அளவுகோலை விட்டுவிட்டு, ராகத்தில் வரும் சுரங்களை மட்டும் கையால் தேர்ந்தெடுத்து, திருத்தும் வேகத்தை நன்றாகத் தளர்த்த வேண்டும். அல்லது சுருதி நழுவிய இரண்டு சொற்களுக்கு மட்டும் போட்டு, மற்றதை விட்டுவிடலாம். வயதானவர்களின் குரலுக்கு இதைப் போடாமலிருப்பதே மேல். அந்த நடுக்கம்தான் அவர்கள் குரல்.

தாளத்திலும் இப்படியொரு மோதல் உண்டு. மென்பொருளின் கட்டம் இயல்பாக ஓர் அடிக்கு நான்கு பிரிவுகள். திஸ்ர நடையில் வாசித்ததை ‘குவாண்டைஸ்’ பொத்தானால் இந்தக் கட்டத்துக்குள் அழுத்தினால் அடி நொண்டும். கட்டத்தை மூன்றாகவோ ஆறாகவோ மாற்றிவிட்டு அழுத்தினால் நேராக உட்காரும்.

எதைக் காப்பாற்ற வேண்டும்?

மேலே சொன்ன எல்லாக் கோளாறுகளுக்கும் மறுநாள் தீர்வு தேடலாம். கோப்பு அழிந்தால் மட்டும் தேட முடியாது.

மென்பொருள் உறைந்து நின்றால் பதற்றத்தில் மறுபடி மறுபடி தட்ட வேண்டாம். பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்திருந்தால், அதுவரை பாடியது பல மென்பொருள்களில் ஏற்கெனவே ஒலிக்கோப்பாக வன்தட்டில் எழுதப்பட்டிருக்கும். புரொஜெக்டின் ஆடியோ அல்லது ரெக்கார்டட் கோப்புறையைத் திறந்து, தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் கிடைக்க வாய்ப்புண்டு. எஃப்எல் ஸ்டூடியோவில் ‘ரிவர்ட் டு லாஸ்ட் பேக்கப்’ என்ற கட்டளை உண்டு. கியூபேஸ் தானாகவே மாற்றுப் பிரதிகளை எழுதி வைக்கும். அந்தத் தானியங்கிச் சேமிப்பு இயங்குகிறதா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று பதிவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

புரொஜெக்டை இன்னொரு கணினிக்கோ வெளி வன்தட்டுக்கோ மாற்றும்போது வெறும் புரொஜெக்ட் கோப்பை மட்டும் நகலெடுத்தால் குறிப்பு மட்டுமே போகும். எஃப்எல் ஸ்டூடியோவில் ‘ஸிப்ட் லூப் பேக்கேஜ்’, ஏபிள்டனில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’, கியூபேஸில் ‘பேக்கப் புரொஜெக்ட்’, ரீப்பரில் சேமிக்கும்போதே எல்லா ஒலியையும் புரொஜெக்ட் கோப்புறைக்குள் நகலெடுக்கச் சொல்லும் பெட்டி என்று ஒவ்வொன்றிலும் ஒலிகளையும் சேர்த்துக் கட்டும் வழி இருக்கிறது. பிளக்-இன்கள் மட்டும் இதில் வராது. அதனால் முடிந்த பாட்டின் ஒவ்வொரு டிராக்கையும், எல்லாம் பாட்டின் தொடக்கத்திலிருந்தே ஆரம்பிக்கும்படி, 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து, வேகத்தையும் கட்டையையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைப்பவர்கள் உண்டு. பத்து ஆண்டு கழித்து மென்பொருளே மாறியிருந்தாலும் அவை திறக்கும். குரலை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது.

குடும்பப் பெரியவரைப் பதிவு செய்யப் போகிறவர்கள் வேலையை முதல் நாள் இரவே தொடங்கிவிடுவது நல்லது. தானே பத்து நிமிடம் பாடிப் பதிந்து, நிறுத்தி, மூடித் திறந்து கேட்டுப் பார்க்க வேண்டும். மறுநாள் பெரியவர் வந்து அமர்ந்ததும், பக்கத்தில் ஒரு கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, அதன் ஒலிப்பதிவையும் ஓடவிட வேண்டும். முதல் தடவை பிளக்-இன், கீபோர்டு எதுவும் வேண்டாம். வெறும் குரல் மட்டும். அவர் பாடி முடித்ததும் நிறுத்தி, சேமித்து, கோப்பை வெளி வன்தட்டில் நகலெடுத்து, அதிலிருந்தே ஒருமுறை போட்டுக் கேட்ட பிறகு மைக்கைக் கழற்றலாம். உறுமி அடுத்த வாரம் வரட்டும்.